ஐந்து கம்பி பேஸ் கிட்டாருக்கு ஸ்ட்ரிங் வாங்கப் போகிறீர்களா? பி-யிலிருந்து ஆரம்பியுங்கள்

கடையில் போய் "பேஸ் ஸ்ட்ரிங் ஒரு செட் கொடுங்க" என்று கேட்டால் நான்கு கம்பி பாக்கெட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள். "அண்ணே, அஞ்சு ஸ்ட்ரிங்" என்று சொன்ன பிறகு மேல்தட்டில் தேடி, தூசி தட்டி, ஒன்றோ இரண்டோ எடுத்து வைப்பார்கள். இருப்பதை வாங்கிக்கொண்டு வருவதுதான் வழி என்று பல வருடம் நானும் நினைத்திருந்தேன். விலையும் சாதாரண கிட்டார் செட் மாதிரி இல்லை, பல மடங்கு. ஒரு தடவை தப்பாக வாங்கிவிட்டால் அடுத்த ஆறு மாதம் அதையே போட்டு மாரடிக்க வேண்டும்.

முதன்முதலாக ஐந்து கம்பி பேஸ் வாங்கி, அதோடு வந்த கம்பி செத்துப் போய், இப்போது புதிது தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெல்லிசைக் குழுவிலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் வாசிக்கிறவன் நான். ஸ்டுடியோ ஆள் கிடையாது. எனக்குத் தெரிந்ததில் உருப்படியானது ஒன்றுதான்: ஐந்து கம்பி செட் வாங்குவது என்றால் ஒரு நல்ல பி கம்பி, அதாவது எல்லாவற்றிலும் தடித்த, சத்தம் தாழ்ந்த அந்த ஐந்தாவது கம்பி, வாங்குவது. ஜி, டி, ஏ, ஈ நான்கும் ஓரளவு எந்த கம்பெனியிலும் நன்றாகவே இருக்கும். பி மட்டும் ஒரு செட்டில் கணீரென்று பேசும், இன்னொரு செட்டில் ஈரத்துணியால் அடித்த மாதிரி தொப்பென்று விழும். அதனால் பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் பி-யைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அதற்கு முன்னால் உங்கள் பேஸில் இருப்பது தாழ்ந்த பி தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம், ஐந்து கம்பி என்றாலே பி என்று இல்லை. 1965-இல் ஃபெண்டர் விற்ற பேஸ் ஃபைவ் மாடலில் ஐந்தாவது கம்பி மேல் பக்கத்து சி. எழுபதுகளின் நடுவில் பேஸ் கலைஞர் ஜிம்மி ஜான்சன் தன் அலெம்பிக் பேஸில் ஒரு தடித்த கம்பியைப் போட்டுத் தாழ்ந்த பி-க்கு இறக்கிய பிறகுதான் இன்று நாம் வாசிக்கிற பி-ஈ-ஏ-டி-ஜி பரவியது. இன்றும் சோலோ அதிகம் வாசிக்கிற சிலர் மேல் சி வைத்துக்கொள்கிறார்கள், அதற்கென்று தனி செட் உண்டு. பழைய பேஸ் வாங்கியவர்கள் கவனியுங்கள்: முந்தைய சொந்தக்காரர் மேல் சி போட்டிருந்தால் தலைப்பக்கம் கம்பிகள் உட்காருகிற வெட்டுகள் எல்லாமே ஒல்லியாக இருக்கும், தடித்த பி கம்பி உள்ளே இறங்காது.

நம் ஊர் ஆட்களுக்குத் தாழ்ந்த பி-தான் வேண்டும், ஏன் என்றால் பாடகர்கள். ஒத்திகையில் ஈ-யில் பாடியவர், மேடையில் தொண்டை கட்டி, "தம்பி, அரைக் கட்டை இறக்கிக்கலாமா" என்பார். நான்கு கம்பிக்காரர் அங்கே ஒரு ஸ்தாயி மேலே ஓடிப்போய் வாசிக்க, நாம் பி கம்பியின் நான்காவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் ஃப்ரெட்) ஈ ஃபிளாட்டை அழுத்திக்கொண்டு நிம்மதியாக நிற்கலாம். மூன்றாவது ஃப்ரெட் டி, முதல் ஃப்ரெட் சி. கச்சேரியில் பி கம்பியில் பெரும்பாலும் வாசிப்பது இந்த நான்கைந்து ஸ்வரம்தான், அந்த இடத்தில் சத்தம் தெளிவாக இருந்தால் போதும்.

முதல் வேலை: அளவெடுப்பது

இன்ச் டேப்பை எடுங்கள். நட்டிலிருந்து, அதாவது தலைப்பக்கம் கம்பிகள் உட்காருகிற அந்த வெள்ளை அல்லது கறுப்புத் துண்டிலிருந்து, 12-ஆவது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 17 அங்குலம் வந்தால் உங்கள் ஸ்கேல், அதாவது கம்பி அதிர்கிற நீளம், 34 அங்குலம். நேராக அடிப்பக்கத்து பிரிட்ஜ் வரை அளந்தால், அதில் கம்பி உட்காருகிற சாடில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் இருப்பதால் குழப்பம்தான் வரும். யமஹா டிஆர்பிஎக்ஸ்305, ஐபனீஸ் எஸ்ஆர்305, மியூசிக் மேன் ஸ்டிங்ரே 5 எல்லாம் 34 அங்குலம். லேக்லண்ட் 55-94 மாதிரி சில 35. டிங்வால் பேஸ்களில் ஃப்ரெட்டுகள் விசிறி மாதிரி விரிந்திருக்கும், பி பக்கம் 37 அங்குலம், ஜி பக்கம் 34. அதை வைத்திருக்கிறவர் இந்தக் கட்டுரையைப் படிக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டாவது அளவு இன்னும் முக்கியம், யாரும் சொல்லித் தருவதில்லை. கம்பியின் ஒரு முனையில் சின்ன உருளை இருக்கிறதே, பால் எண்ட், அது பிரிட்ஜில் போய் மாட்டுகிற இடத்திலிருந்து நட் வரை எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளுங்கள். 34 அங்குல பேஸில்கூட இது பிரிட்ஜைப் பொறுத்து மாறும். உடம்பின் பின்பக்கத்திலிருந்து கம்பியை நுழைக்கிற வகை என்றால் ஒரு அங்குலமோ அதற்கு மேலோ கூடும். கம்பியின் மறுமுனையில் கலர் நூல் சுற்றியிருப்பார்கள், அதைச் சில்க் என்கிறோம். அந்த நூல் நட்டைத் தாண்டிய பிறகுதான் தொடங்க வேண்டும். நான் ஒரு தடவை ஆன்லைனில் அவசரத்தில் பாக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்காமல் மீடியம் ஸ்கேல் செட்டை வாங்கிவிட்டேன். மாட்டிப் பார்த்தால் சிவப்பு நூல் நட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, கம்பியைத் தட்டினால் மரப்பெட்டியைத் தட்டிய சத்தம். பாக்கெட் பிரித்தாகிவிட்டது, திருப்பி எடுக்க மாட்டேன் என்றார்கள், போனது போனதுதான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எதற்கும் இருக்கட்டும் என்று 34 அங்குல பேஸுக்குச் சூப்பர் லாங் வாங்கினால், தடித்த சுற்று நட்டைத் தாண்டி, கம்பியை இறுக்குகிற ட்யூனர் வரைக்கும் போய்விடும். பல பேஸ்களில் பி-யின் ட்யூனர் நட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும். மூன்று மில்லிமீட்டர் தடிமன் உள்ள கம்பியை அந்தக் குட்டித் தண்டில் வளைத்துச் சுற்றுவது சைக்கிள் ஸ்போக்கைச் சுற்றுகிற மாதிரி, சுற்றின இடம் பிளந்துகொள்ளும். 34-க்கு லாங் ஸ்கேல். 35 என்றாலும் பெரும்பாலும் லாங் போதும், ஆனால் பால் எண்ட் அளவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பின்பக்கம் நுழைக்கிற வகை என்றால் சூப்பர் லாங் தேவைப்படலாம்.

கேஜ்: நான்குக்கு மூன்று

பாக்கெட்டில் 45-65-80-100-130 என்று போட்டிருப்பார்கள். கம்பியின் தடிமன் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதுதான் அந்த எண்கள், அதைத்தான் கேஜ் என்கிறோம். 45 என்பது 1.14 மில்லிமீட்டர், 130 என்பது 3.3. எர்னி பால் ரெகுலர் ஸ்லிங்க்கி ஐந்து, டடாரியோ ஈஎக்ஸ்எல்170-5 இரண்டும் இந்த அளவுதான். இன்னொரு பொதுவான அளவு 45-65-85-105-130, சிலதில் கடைசி 135, சிலதில் 125.

இதில் எதை எடுப்பது? இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, பயப்பட வேண்டாம், பெருக்கல்தான். பேஸில் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளுக்கு நடுவே இருப்பது நான்காம் இடைவெளி; ஈ வினாடிக்கு 41.2 தடவை அதிர்ந்தால் பி 30.9 தடவை. கிட்டத்தட்ட நான்குக்கு மூன்று. ஒரே நீளம், ஒரே இறுக்கம் வேண்டுமென்றால் கம்பியின் தடிமன் அதே விகிதத்தில் கூட வேண்டும். ஆக, ஈ-யின் எண்ணை நான்கால் பெருக்கி மூன்றால் வகுத்தால், அதே இறுக்கம் தருகிற பி-யின் எண் வந்துவிடும். உட்கம்பி, சுற்று இதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் துல்லியமாக இருக்காது, ஆனால் கடையில் நின்று யோசிக்க இது போதும்.

போட்டுப் பாருங்கள். ஈ 100 என்றால் பி 133 வர வேண்டும். பாக்கெட்டில் 130 இருக்கிறது, கொஞ்சம்தான் தளர்ச்சி, கைக்குப் பெரிதாகத் தெரியாது. ஈ 105 என்றால் பி 140 வேண்டும். பாக்கெட்டில் 130 என்றால் ஈ-யிலிருந்து பி-க்கு விரல் இறங்கும்போது திடீரென்று படிக்கட்டில் ஒரு படி இல்லாத மாதிரி இருக்கும். அதே 105-க்கு 125 என்றால் சொல்லவே வேண்டாம். பி தளர்வாக இருக்கிறது என்று புலம்புகிற பலரும் தடித்த செட்டுக்கு மாறுகிறார்கள், மாறும்போது ஈ-யும் சேர்ந்து தடிக்கிறது, வித்தியாசம் அப்படியே இருக்கிறது, புலம்பலும் அப்படியே இருக்கிறது. டடாரியோ பேலன்ஸ்டு டென்ஷன் என்று நான்கு கம்பி செட் ஒன்று போடுகிறது, 45-60-80-107. ஒவ்வொன்றையும் நான்கு-மூன்று கணக்கில் போட்டுப் பாருங்கள், அப்படியே வரும்.

அப்படியானால் ஏன் எல்லாரும் பி-யை 140 போட்டு விற்பதில்லை என்று கேட்பீர்கள். தடிமன் கூடக் கூடக் கம்பி விறைத்துப்போகும். விறைத்த கம்பி கம்பி மாதிரி அதிராமல் கட்டை மாதிரி அதிரும். அடி ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கிற மேல் ஸ்வரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப்போய், அதோடு ஒட்டாது. காதுக்கு அது சுருதி சேராத, கலங்கின சத்தமாகத் தெரியும். தளர்ச்சிக்கும் விறைப்புக்கும் நடுவே ஒரு இடம் பிடிக்க வேண்டும், 34 அங்குல பேஸில் அந்த இடம் 128-லிருந்து 135-க்குள் எங்கேயோ இருக்கிறது.

ஸ்கேல் நீளம் கூடினால் இறுக்கம் கூடும், அதுவும் வர்க்கமாக. அதே கம்பியை 35 அங்குல பேஸில் போட்டால் ஏறக்குறைய 6 சதவீதம் இறுக்கம் அதிகம், 37-இல் 18 சதவீதம். நீள ஸ்கேல் வைத்திருப்பவர்கள் தயங்காமல் ஒல்லியான பி போடலாம், தெளிவும் கூடும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது 45-65-80-100-130. விரல் நோகாது, பி-யும் ஈ-யும் ஒத்துப்போகும், எந்த ஊரிலும் கிடைக்கும். விரலால் அடித்து நொறுக்குகிற ஆள், பிக் வைத்து ராக் வாசிக்கிற ஆள், அரை ஸ்வரம் இறக்கி வாசிக்கிற ஆள் என்றால் 105-135 பக்கம் போகலாம். 40-இல் தொடங்குகிற ஒல்லி செட்டுகளை ஸ்லாப் வாசிக்கிறவர்கள் விரும்புவார்கள்; எனக்கு அவை ஒத்துவரவில்லை, பி ஆடிக்கொண்டே இருக்கிறது.

எந்த உலோகம், எந்தச் சுற்று

நடுவில் ஒரு எஃகுக் கம்பி, அதன் மேல் சுற்றுச் சுற்றாக வேறொரு கம்பி. மேல் சுற்று உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வுண்ட், பட்டையாக இருந்தால் ஃபிளாட்வுண்ட். 1960-கள் வரைக்கும் பேஸ் என்றாலே ஃபிளாட்தான். இங்கிலாந்தில் தி ஹூ ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசில் ரோட்டோசவுண்ட் கம்பெனியோடு உட்கார்ந்து பியானோ மாதிரி கணீரென்ற கம்பி வேண்டும் என்று கேட்டு வாங்கியதிலிருந்து ரவுண்ட்வுண்ட் பிடித்துக்கொண்டது; அந்த ஸ்விங் பேஸ் 66 இன்றும் விற்கிறார்கள், பெயரிலேயே வருடம் இருக்கிறது. எதிர்முனையில் ஜேம்ஸ் ஜேமர்சன், அமெரிக்க மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனியின் அறுபதுகளின் ஹிட் பாட்டுகள் பலவற்றில் அவர் விரல்தான், லா பெல்லா ஃபிளாட்வுண்ட் தடித்த செட்டைப் போட்டுக்கொண்டு அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார் என்பார்கள்.

ஆனால் அவர் வாசித்தது நான்கு கம்பி. ஐந்து கம்பியில் ஃபிளாட் போடும்போது பி-யில் ஒரு சிக்கல் வரும். தாழ்ந்த பி-யின் அடி அதிர்வு 31 ஹெர்ட்ஸ். வீட்டில் வைத்திருக்கிற 8 அங்குல ஸ்பீக்கர் பிராக்டீஸ் ஆம்பில் அந்த அதிர்வு வரவே வராது. நம் காது மேல் ஸ்வரங்களைக் கேட்டுக்கொண்டு அடி ஸ்வரத்தைத் தானாக நிரப்பிக்கொள்கிறது. மேல் ஸ்வரங்கள் குறைந்த ஃபிளாட்வுண்டில் காதுக்குப் பிடிமானம் இல்லாமல் போய் வெறும் உறுமல்தான் மிஞ்சும். நல்ல பிஏ சிஸ்டத்தில் நன்றாக இருக்கும், தெருமுனை மேடையில் இருக்காது. பழைய பாட்டு மட்டும் வாசிக்கிற குழு, ஃப்ரெட்லெஸ் பேஸ், ஜாஸ் என்றால் ஃபிளாட் அருமையான தேர்வு, வருடக்கணக்கில் உழைக்கும். முதல் செட்டாக வேண்டாம் என்பது என் கருத்து.

ரவுண்ட்வுண்டில் இரண்டு பெரிய பிரிவு. நிக்கல் பூசிய எஃகு நடுத்தரம், எல்லாவற்றுக்கும் சரிவரும், விரலுக்கும் ஃப்ரெட்டுக்கும் மென்மை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் பளீரென்று இருக்கும், கையில் சொரசொரக்கும், விரலை நகர்த்தும்போது கீச்சென்று சத்தம் வரும், ஃப்ரெட்டைச் சற்றுச் சீக்கிரம் தேய்க்கும். பி மந்தமாக இருக்கிற பேஸுக்கு ஸ்டெயின்லெஸ் ஒரு மருந்து. முழு நிக்கல் என்று ஒன்று உண்டு, பழைய காலத்து உருண்டை சத்தம், ஆனால் பி-க்கு உயிர் குறைவு. நடுவாந்தரமாக ஹாஃப் ரவுண்ட் என்று உருண்டைச் சுற்றை அரைத்து மழமழப்பாக்கியதும் இருக்கிறது. நைலான் பட்டை சுற்றியதும் இருக்கிறது. இவை எல்லாம் மூன்றாவது நான்காவது செட்டில் பரிசோதிக்க வேண்டியவை.

கோட்டட் கம்பியைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேச வேண்டும், நம் ஊர் வியர்வைக்காக. ஆடி மாதத்தில் அம்மன் கோயில் கச்சேரி, மேலே ஃபோகஸ் லைட், கீழே ஜெனரேட்டர் சூடு, நான்கு மணி நேரம் வாசித்து முடிக்கும்போது கம்பியில் உப்புப் பூத்திருக்கும். கடலோர ஊரில் சும்மா மாட்டி வைத்தாலே துரு பிடிக்கும். எலிக்சர் மாதிரி மெல்லிய உறை போட்ட கம்பிகளில் இந்த அழுக்கு சுற்றுகளுக்கு நடுவே இறங்குவதில்லை. விலை அதிகம்தான். கை அதிகம் வியர்க்கிறவர் என்றால் வருடக் கணக்குப் போட்டால் லாபம்தான், கை வறண்டவர் என்றால் சாதாரணமே போதும். உறை போட்டதில் கை கொஞ்சம் வழுக்குகிற உணர்வு சிலருக்குப் பிடிக்காது, எனக்கு இரண்டு நாளில் பழகிவிட்டது.

பி கம்பியைத் திருப்பிப் பாருங்கள்

பி-யின் பால் எண்ட் பக்கம் சில கம்பெனிகள் மேல் சுற்றை முன்னாடியே நிறுத்திவிடுவார்கள், சாடில் மேல் ஒல்லியான பகுதி மட்டும் உட்காரும். டேப்பர் என்பார்கள். தடித்த கம்பி சாடிலில் மடங்கி உட்காருவது கஷ்டம், ஒல்லியானது சுலபமாக மடங்கும், அதனால் இன்டொனேஷன், அதாவது எந்த ஃப்ரெட்டில் அழுத்தினாலும் சுருதி பொருந்துவது, சரியாக வரும், சத்தமும் தெளியும். குறை என்னவென்றால் சாடில் மேல் பி தாழ்ந்து உட்காரும், சாடிலை உயர்த்த வேண்டும். உயர்த்துகிற திருகு ஏற்கெனவே உச்சியில் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். பின்பக்கம் நுழைக்கிற பேஸில் ஒல்லிப் பகுதி எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொள்ளவும்.

நடுக் கம்பி அறுகோணமா உருண்டையா என்பது இன்னொரு விஷயம். பெரும்பாலானவை அறுகோணம், மேல் சுற்று அதன் முனைகளைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். உருண்டை மையம் உள்ளவை வளைந்து கொடுக்கும், கைக்கு மென்மையாக இருக்கும், டிஆர் கம்பெனியின் ஹை பீம் அப்படிப்பட்டது. ஆனால் அதைக் கையாளத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியாமல் போன கதை இது. மறுநாள் கிறிஸ்துமஸ் ஆராதனை, முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்குப் புது செட் மாட்ட உட்கார்ந்தேன். பி நீளமாக இருக்கிறதே என்று ட்யூனருக்குப் பக்கத்தில் அளந்து, கட்டிங் பிளேயரால் நேராக ஒரே வெட்டு. வெட்டின நொடியில் வெட்டுவாயில் மேல் சுற்று லேசாகத் திரும்பியது கண்ணுக்கே தெரிந்தது, கம்பிக்குள் ஏதோ தளர்ந்த மாதிரி. ட்யூன் செய்து தட்டினால் டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், நீட்சியே இல்லை. உருண்டை மையத்தில் மேல் சுற்றைப் பிடித்து வைப்பது அந்த முனைதான்; வெட்டும் முன் கம்பியைச் செங்கோணமாக மடித்திருந்தால் மடிப்பு அதைப் பிடித்திருக்கும். மறுநாள் காலை பழைய பி-யைத் துடைத்து மாட்டிக்கொண்டுதான் போனேன்.

எந்தக் கம்பியாக இருந்தாலும் முதலில் மடி, அப்புறம் வெட்டு.

வாங்கும்போது

ஐந்து எண்களும் போட்டிருக்கிறதா, லாங் ஸ்கேலா, ஈ-க்கும் பி-க்கும் கணக்கு ஒத்துவருகிறதா என்று மூன்றையும் பாருங்கள். நான்கு கம்பி செட் ஒன்றும் தனி பி ஒன்றும் சேர்த்து வாங்குவது தப்பில்லை, ஒரே கம்பெனி ஒரே வகையாக இருக்கும்வரை. நிக்கல் செட்டோடு ஸ்டெயின்லெஸ் பி போட்டால் பி மட்டும் வேறு ஆள் வாசிக்கிற மாதிரி கேட்கும். ஆன்லைனில் பெயர் பெற்ற கம்பெனியின் செட் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். அச்சு மங்கலாக, எழுத்துப் பிழையோடு இருந்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்புங்கள்.

தற்போது இருப்பது என்ன கேஜ் என்று தெரியாவிட்டால், ஒரு டிஜிட்டல் கேலிப்பர் இருந்தால் அளக்கலாம், இல்லையென்றால் பேஸ் கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலுக்கு என்ன போட்டு அனுப்பினார்கள் என்று போட்டிருப்பார்கள். முதல் மாற்றத்துக்கு அதே கேஜ் போட்டால் செட்டப் வேலை குறைவு.

மாட்டுவது

ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஐந்தையும் கழற்றினால் பேஸ் உடைந்துவிடாது, ஆனால் ஐந்து கம்பியும் சேர்ந்து நெக்கை இழுக்கிற பாரம் 100 கிலோவுக்குப் பக்கத்தில், அதை மொத்தமாக எடுத்து மொத்தமாகப் போட்டால் நெக் பழையபடி உட்கார ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். ஃபிங்கர்போர்டைத் துடைக்க வேண்டும் என்றால் மட்டும் எல்லாவற்றையும் கழற்றலாம்.

ட்யூனரைத் தாண்டி ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் விட்டு, அங்கே செங்கோணமாக மடித்து, மடிப்பைத் தாண்டி வெட்டுங்கள். முனையைத் தண்டின் நடுத்துளைக்குள் அடி வரை இறக்கி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று வருகிற மாதிரி சுற்றுங்கள். பி-க்கு இரண்டு சுற்று வந்தாலே போதும். மாட்டும்போது கம்பி முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முறுக்கிய பி தன் மேல் சுருண்டு சத்தத்தை விழுங்கிவிடும். ட்யூன் செய்ததும் கட்டைவிரலால் கம்பியை நட்டுக்குப் பக்கத்திலும் சாடிலுக்குப் பக்கத்திலும் மெதுவாக அழுத்திவிடுங்கள். தடித்த கம்பி அந்த இரண்டு இடத்திலும் வில் மாதிரி வளைந்து நிற்கும், அழுத்திவிட்டால் கூர்மையாக மடங்கும், சுருதியும் தெளிவும் உடனே தெரியும். பி மந்தம் என்று செட்டைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

கேஜ் மாறியிருந்தால் செட்டப்பும் மாறும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு தடிமன், 0.3 மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. அதிகம் என்றால் நெக்குக்குள் ஓடுகிற ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை இறுக்க வேண்டும், இல்லவே இல்லை என்றால் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், கை நடுங்குகிறது என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்கப்புறம் 12-ஆவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம், ஜி-க்கு 2 மில்லிமீட்டர், பி-க்கு இரண்டரை. பி ரொம்பத் தாழ்ந்தால் ஃப்ரெட்டில் மோதும், அது அகலமாக ஆடுகிற கம்பி. கடைசியாக இன்டொனேஷன்: 12-ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும், அதே இடத்தில் அழுத்தி வாசித்த ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சாடிலைப் பின்னால் இழுங்கள், இறங்கியிருந்தால் முன்னால். பி-யின் சாடில்தான் எல்லாவற்றிலும் பின்னால் போய் நிற்கும், அது இயல்பு.

130-லிருந்து 135-க்குப் போகிறீர்கள் என்றால் நட்டையும் ஒரு பார்வை பாருங்கள். கம்பி வெட்டுக்குள் இறங்காமல் மேலே உட்கார்ந்திருந்தால் வெட்டை அகலப்படுத்த வேண்டும், அது அரம் போடுகிற வேலை, ஆழத்தைத் தெரியாமல் கூட்டிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டி வரும்.

எத்தனை நாள் வரும்

வாரம் ஒரு முறை வாசிக்கிறவருக்கு நல்ல நிக்கல் செட் ஆறு மாதம் தாராளமாக வரும், தினம் வாசித்தால் இரண்டு மூன்று மாதத்தில் பளபளப்பு போய்விடும். புது ரவுண்ட்வுண்ட் முதல் வாரம் தகரம் மாதிரி கத்தும், பயந்து கழற்றிவிடாதீர்கள். சுருதி நிற்காமல் போவது, 12-ஆவது ஃப்ரெட்டில் இன்டொனேஷன் திடீரென்று பொருந்தாமல் போவது, பி மட்டும் மற்றவைக்கு முன்னால் மந்தமாவது, இதெல்லாம் மாற்றச் சொல்கிற அறிகுறி. பி முதலில் சாவதுதான் வழக்கம், ஏனென்றால் தடித்த சுற்றுகளின் நடுவே அழுக்கு சேர இடம் அதிகம்.

வாசிக்கும் முன் கை கழுவுங்கள், வாசித்து முடித்ததும் ஒரு பழைய பனியன் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். கம்பியைக் கழற்றித் தண்ணீரில் கொதிக்க வைத்தால் புதிதாகும் என்பார்கள். ஆகும், சில நாளைக்கு. சுத்தமான ஆல்கஹாலில் ஒரு ராத்திரி ஊறவைப்பது அதைவிட மேல், துரு பிடிக்காது. நெருப்புப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள்.

கழற்றின பழைய செட்டைத் தூக்கிப் போடாமல், சுருட்டி, எந்தக் கம்பி எது என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டி, பேஸ் பையின் முன் பாக்கெட்டில் போட்டு வையுங்கள். பேஸ் கம்பி அறுவது அபூர்வம். ஆனால் வெளியூர்க் கச்சேரிக்குப் போன இடத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஐந்து கம்பி செட் எந்தக் கடையிலும் கிடைக்காது.